எடை சரிதான்

தராசில் ஏற்றினேன்.
முள் நின்ற இடம் காலிச் சிலிண்டரின் எடையல்ல.
"இன்னும் ஆறு கிலோ இருக்கிறது" என்றேன்.
"இருந்தால் ஏன் எரியவில்லை?"
என்றார் கொம்போசூரன்.

சைன்ஷாந்த் ரயிலடியில்
பூஸ் அவித்து விற்பவர்.
இரவு இரண்டு நாற்பது வண்டி
பதினைந்து நிமிடம் நிற்கும்.
நேற்று அது வந்து நின்ற நேரம்
அடுப்பு ஒருமுறை விக்கி
அணைந்துவிட்டதாம்.
அறுபது பூஸ்,
மாவுக்குள் ஆட்டிறைச்சி பச்சையாக.
இறங்கி வந்தவர்கள்
ஆவி பறக்காத பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு
மறுபடி ஏறிக்கொண்டார்கள்.

சிலிண்டரைக் குலுக்கிக் காட்டினார்.
தளும்பியது.
"தண்ணீர் கலந்துவிட்டீர்கள்."

வெளியே மைனஸ் முப்பத்துநாலு.

தண்ணீர் இல்லை, ஐயா.
பதினோரு வருடமாக நிரப்புகிறேன்,
இவற்றின் குணம் எனக்குத் தெரியும்.
புரொப்பேன் ரோஷக்காரன்.
மைனஸ் நாற்பது வரைக்கும்
வால்வைத் திறந்தால் எழுந்து வந்துவிடுவான்.
பியூட்டேன் கல்லுளிமங்கன்.
பூஜ்யத்துக்குக் கீழே
என்ன தட்டினாலும் பதில் வராது.
ஜூலையில் அவனைப்போல் சமர்த்து உண்டா?
அதே கலத்தில் கொஞ்சம் கூடுதல் சூடு,
கைக்கடக்கமான டப்பாவில் அடங்குவான்,
மேசைமேல் சூப் கொதிக்க வைப்பான்.
ஜூலையில்.

இரண்டும் கலந்த சிலிண்டரில்
ரோஷக்காரன் முதலில் கிளம்பிப் போய்விடுகிறான்.
மிச்சம் இருப்பவன்
எடை காட்டுவான்,
தீ காட்டமாட்டான்.

இதையெல்லாம் சொன்னேன்.
ஒன்றைச் சொல்லவில்லை.
அக்டோபரில் முதலாளி லுவ்சான்
மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிய லோடு
பாதிக்குமேல் பியூட்டேன்.
தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

மூலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஜர்கல் சிரித்தான்.
நிலக்கரி லாரிக்காரன். எல்என்ஜியில் ஓடுகிறது அவன் வண்டி.
"என் டாங்கிக்குள் மைனஸ் நூற்றறுபது.
அதற்கு உங்கள் குளிர்காலமே அடுப்பு.
எல்லை வரிசையில் ஒரு வாரம் நின்றால் போதும்,
தானே கொதித்து, தானே சீறி
வானத்துக்குப் போய்விடும்.
வாசனைகூடக் கிடையாது,
போனது மூக்குக்குத் தெரியாது."
"அதில் பூஸ் வேகுமா?" என்று கேட்டார் கொம்போசூரன்.
ஜர்கல் யோசித்தான்.
"தொண்ணூறு டன் இழுக்கும்.
பூஸ் வேகாது."

பிறகு அவர், கையுறையைக் கழற்றியபடி, மெதுவாக:
"நேற்று அடியில் கொஞ்சம் தணல் வைக்கலாமா என்று பார்த்தேன்.
கரண்டியில் அள்ளிக்கூட விட்டேன்.
அதற்குள் வண்டி ஊதிவிட்டது."

நான் போட்ட சத்தத்தில்
ஜர்கலின் கோப்பை தளும்பியது.

இழுப்பறையைத் திறந்தேன்.
தாளை அவர் முன்னால் வைத்தேன்.
கண்ணாடி இல்லாமல் வந்திருந்தார்,
ஜர்கல்தான் படித்துச் சொன்னான்,
சதவீதங்களை, ஒவ்வொன்றாக.
கொம்போசூரன் ஒன்றும் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

மூன்றாம் தொட்டியில் இருப்பது சுத்தமான புரொப்பேன்.
தண்டவாளம் பிரியும் இடங்களில்
பனி உருக்க, ரயில்வேக்காக வைத்தது.
அதிலிருந்து வேறொரு சிலிண்டரில் பத்து கிலோ பிடித்தேன்.
பேரேட்டில் என் பெயரில் எழுதினேன்.
பழையதை முற்றத்தில் வேலியோரம் நிறுத்தினேன்.
ஏப்ரலில் அது விழித்துக்கொள்ளும்.
குறிப்பு என்ற கட்டத்தில்
இத்தனை வருடம் ஒன்றும் எழுதியதில்லை.
எழுதினேன்:
எடை சரி. குளிருக்கு ஆகாது.
திங்கட்கிழமை லுவ்சான் வாசிப்பார்.

அவர் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு போன பின்
ஜர்கல் சாலைக்கு அப்பால் போய்
சிகரெட்டை வாயில் வைத்தான்.
லைட்டர் பொறி மட்டும் கக்கியது.
இன்னொரு முறை. இன்னொரு முறை.
கோட்டுக்குள் கைவிட்டு
அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான்,
காய்ச்சல் பார்க்கிறவன் மாதிரி,
அசையாமல்.